பூச்சி வைத்துப் போன வைஃபை பெட்டி

ஆவணி 12, வியாழன்

பூச்சி, காலையிலிருந்து மூடாப்பு. மழை இல்லை. நீ போய்ப் பதினோரு நாள். வைஃபை வரவில்லை.

உன் பழைய நோட்டில் எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்த கை, எழுத்து கோணல். சிரிக்காதே.

கம்ப்யூட்டர் வைஃபை பெட்டியோடு சேருதாம், ஆனால் நெட்டு இல்லையாம். உன் தங்கச்சி செல்விக்கு லீவு முடிந்தது. திங்கள் ஒன்பது மணிக்கு லைனில் இல்லையென்றால் இனி வீட்டிலிருந்து வேலை கிடையாது, பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிடு என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். உன் அப்பா இல்லை. நீ இல்லை. செல்வியும் போனால் இந்த வீட்டில் நான் மட்டும்.

செய்து பார்த்தது: ஒயரைப் பிடுங்கி மாட்டியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டது. செல்வியின் போனிலிருந்து நெட்டு. அதற்கு டவர் இல்லை. பேச மட்டும் முருங்கை மரத்தடியில் கொஞ்சம்.

சுவிட்சு எல்லாம் செல்விதான். மோட்டார் போடப் போன உன்னைக் கரண்ட் அடித்த பிறகு நான் எதையும் தொடுவதில்லை.

ஆவணி 13, வெள்ளி

வெயில். பால் திரிந்துவிட்டது.

மூன்று வீடு தள்ளி மாதம்மா வீட்டில் நெட்டு இருக்கிறது. காரியம் முடியாமல் நாங்கள் யார் வாசலையும் மிதிக்கக் கூடாது. அவளே வந்து நம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. எங்க மாமியா இருக்குதே, தெரு முச்சூடும் கேக்கக் கத்தும். செவ்வாக்கெழம காரியம் முடியட்டும், அப்பறம் வந்து உக்காந்துக்கட்டும்.”

“திங்கக்கெழமதானுங்க வேணும்,” என்றேன்.

உள்ளேயிருந்து செல்வி, “நெட்டுல கூடவா தீட்டு ஒட்டும்?”

மாதம்மா சிரிப்பை அடக்கினாள். எனக்கும் வந்தது. பின்னாலேயே அழுகை.

மதியம் நெட்டுக் கம்பெனிக்குப் போன். பெட்டிக்குப் பின்னால் சின்ன ஓட்டை, அதில் ஊசியால் அமுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். செல்வி மரத்தடியில் போனோடு. நான் உள்ளே. சேலையில் குத்தியிருந்த ஊக்கு.

“அமுக்கும்மா! விடாத, பத்து எண்ணு!”

எண்ணினேன். விளக்கெல்லாம் அணைந்து திரும்ப எரிந்தது. சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கம்.

பிறகுதான் தெரிந்தது. நீ உள்ளே போட்டு வைத்ததெல்லாம் அழிந்துவிட்டது. என் கையால்.

ஆவணி 14, சனி

லைன் பார்க்கும் ஆள் வந்தார். துக்க வீடு என்றதும் தண்ணீர் கூட வேண்டாம் என்றார்.

“பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது. பாஸ்வேர்டு திரும்பப் போடணும். கணக்கு உங்க பையன் பேருல. அவரு போனுக்கு நாலு நம்பர் வரும், அதச் சொன்னா இப்பவே முடிச்சுத் தரேன். போன் எங்கீங்க?”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“குழியிலீங்க,” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. செல்விதான் சொன்னாள். “அண்ணன் எந்நேரமும் கையில வெச்சிருக்குங்க. அதனால அம்மா அத அண்ணன் சட்டப் பாக்கெட்டுல வெச்சு அனுப்பிடுச்சு.”

நம் வழக்கம்தானே பூச்சி. உன் தாத்தாவுக்கு வெற்றிலைப் பை வைத்தோம். அப்பாவுக்கு பீடிக்கட்டு. உனக்கு வேறு எதை வைப்பேன்?

அந்த ஆள் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அதே நம்பர்ல வேற சிம்மு வாங்க முடியாதுங்களா?” செல்வி.

“அவரே வரணுமேங்க,” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “புது கனெக்சனுக்கு எழுதித் தரேம்மா. ஒரு வாரமாச்சும் ஆகும்.”

ஆவணி 15, ஞாயிறு

தூறல். செல்வி பை கட்டினாள். சுடிதார் மூன்று, சார்ஜர், எலுமிச்சை ஊறுகாய்.

“நீயும் வந்துடேம்மா.”

“காரியம் முடியாம எங்கடி வர்றது?”

“அப்பறம்?”

அப்புறம் கொல்லைக் குழியில் உன்னை விட்டுவிட்டு எங்கே போவது? அவளிடம் சொல்லவில்லை.

“செவ்வாக்கெழம லீவு கேட்டுப் பாக்கறேன்,” என்றாள். கேட்டாலும் தரமாட்டார்கள்.

ஆவணி 16, திங்கள்

ஐந்து மணி பஸ்சுக்குப் போய்விட்டாள். வாசல் வரைதான் போனேன். அதற்கு மேல் போகக் கூடாது.

உலை வைக்கவில்லை. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை.

எட்டரை. மரத்தடிக்குப் போய் என் பட்டன் போனில் கம்பெனிக்கு அடித்தேன். ரிக்கார்டு குரல். செல்வி எழுதி வைத்திருந்த கணக்கு நம்பரை ஒவ்வொன்றாக அமுக்கினேன். உங்கள் போனுக்கு நான்கு எண்கள் அனுப்பியிருக்கிறோம், இப்போது அவற்றை அழுத்தவும் என்றது.

பூச்சி, என்ன நம்பர் வந்தது?