குச்சி நடாத கூடு

ஆஸ்பத்திரி ஊரில் இருக்கும் என்னவளுக்கு,

இந்த ஜூனில் பனி விலகவே நாளானது. உள்ளான் குருவி தாமதமாகத்தான் முட்டையிட்டது. நம் பனிமான் வண்டிகள் ஏறிவிடக் கூடாதென்று கூட்டருகே ஒரு குச்சி நட்டேன். குச்சியை அடையாளமாக வைத்தே நரி வந்து நான்கு முட்டைகளையும் தின்றுவிட்டது.

“நரிக்கு வழி காட்டுனியாடா? உன்னால எதையும் ஊருக்குச் சொல்லாம இருக்க முடியாதே” என்று அண்ணன் ஹாட்கோ சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் அவசரப்பட்டுத் தொட்டில் செய்து, கூடாரம் கூடாரமாகக் காட்டியவன் நான்தானே. அந்தத் தொட்டில் கடைசிவரை காலியாகவே கிடந்தது.

உள்ளான் மறுபடியும் முட்டையிட்டிருக்கிறது. இப்போது நல்ல வெயில். பனி உருகி லெம்மிங் எலிகள் வெளியே வந்துவிட்டன, நரிக்கு அதுவே போதும்.

இந்த முறை குச்சி நடவில்லை. நீ எழுதிய செய்தியை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. தொட்டிலுக்குப் பலகை எடுக்கவில்லை. கைதான் துறுதுறுக்கிறது.

வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்,
உன் கணவன்