சூசையின் ரத்தத்தில் இருந்தது

12-11-1976, வெள்ளி

சூசையின் ரத்தப் பரிசோதனை முடிவு மதராஸிலிருந்து வந்துவிட்டது. பெரியதாழைக்காரர், கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். வயிற்றில் நீர் கோத்து என் வார்டில் கிடக்கிறார். குடியால்தான் ஈரல் கெட்டது என்று ஊரே பேசுகிறது. அவர் சாராயத்தைத் தொட்டதில்லை. ரத்தத்தில் பல வருடமாகத் தங்கியிருந்த வைரஸ்தான் காரணம்.

மனைவி பிலோமினாளிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது.

“கிருமியக் கண்டுபிடிச்சாச்சுல்லா, இனி மருந்து குடுங்க டாக்டரம்மா.”

“மருந்து இன்னும் எங்கேயும் வரலம்மா. ஆராய்ச்சிதான் நடக்குது.”

அவள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “குடி இல்லன்னாவது அவுக அண்ணன்கிட்ட சொல்லுங்க” என்றாள்.

சாயங்காலம் வந்த அண்ணனிடம், தம்பியின் கட்டிலருகே வைத்தே சொன்னேன்.

“அப்ப இது ஒட்டுமா?” என்றார்.

“ரத்தம் வழியா ஒட்டலாம். தொட்டா ஒட்டாது.”

பின்பாதி அவர் காதில் விழவில்லை. கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களைத் தரையில் வைத்துவிட்டு வாசல்பக்கம் நகர்ந்தார். தம்பியைத் தொடாமலே போய்விட்டார்.

சூசை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“குடியாலன்னே இருந்திருக்கலாம், டாக்டரம்மா.”

அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். பார்த்து முடித்த பிறகும் விட மனம் வரவில்லை.