சம்மனசுக்கு விட்ட இடம்

என் பாசமுள்ள அண்ணை,

பாணுக்கு இப்போதும் விடிய எழும்பி வரிசையில்தான் நிற்கிறோம். அந்தப் பஞ்சத்துக்குள் பாலையூற்றுக் கோயில் பீடத்துச் சம்மனசுகளின் சிறகுகளுக்குப் பொன்வர்ணம் பூசியிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூதூர் லாஞ்சிலிருந்து கடலில் விழுந்த ஓர் ஆளைப் பிடித்து நிறுத்த உதவாத சிறகுக்குப் பொன் ஒரு கேடா?

அம்மா நம்மை வளர்த்த விதம் நினைவிருக்கிறதா? எங்கே உட்கார்ந்தாலும் வலப்பக்கம் காவல் சம்மனசுக்கு இடம் விட வேண்டும். கோயில் வாங்கிலும் விட்டோம், பள்ளிக்கூட வாங்கிலும் விட்டு டீச்சரிடம் அடியும் வாங்கினோம். வளர்ந்ததும் எனக்கு அது மறந்துபோனது. உங்களுக்கு மறக்கவில்லை. துறைமுகத்து லொறியிலும் அரை ஆளுக்கு இடம் விட்டுத்தான் இருப்பீர்கள் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள்.

உங்கள் உடலைக் கரையேற்றிய பிறகு, செத்தவீட்டுக்கு மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்தார். லாஞ்சில் உங்களோடு இருந்தவர். கிணற்றடியில் வைத்து என்னிடம் தனியாகச் சொன்னார்.

"காத்து எழும்பிட்டுது தங்கச்சி. உள்ளுக்கு வந்து இருங்க தம்பி, இடம் கிடக்கு எண்டு சொன்ன நான். 'அது என்ர சம்மனசுக்கு, நானா' எண்டு சிரிச்சுக்கொண்டு ஓரத்திலயே இருந்தார். அடுத்த அலையில ஆளக் காணல்ல."

இதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. 'நீங்கள் பழக்கியதுதான் பிள்ளையைக் கொண்டுபோனது' என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆனால் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் எனக்கு ஏலாமல் போனது. "சம்மனசு வந்து கூட்டிக்கொண்டு போயிட்டுது" என்று அயலவர்கள் ஆறுதல் சொல்லும்போது அம்மா தலையை ஆட்டுவார். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். உங்கள் கல்லறைக்குச் சிறகு விரித்த சம்மனசுச் சிலை வைப்போம் என்று சித்தப்பா கேட்டபோதும் அம்மா வாய் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு பூசையில் என் மகள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஞானப்பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம். வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்து வலப்பக்கம் இடம் விட்டாள். அம்மா கையை நீட்டி அவளை இழுத்து அந்த இடத்திலேயே இருத்தினார்.

"உள்ளுக்கு இரு பிள்ளை. அதுக்குச் சிறகு இருக்குத்தானே, நிண்டுகொள்ளட்டும்."

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பீடத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"அந்த நானாவிட்டை நானும் கேட்டனான்."

இத்தனை நாளும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் தலையாட்டியிருக்கிறார். இனி நான் யாரைக் கோபிப்பது, அண்ணை?

சேமக்காலையில் உங்கள் தலைமாட்டில் வெறும் சிலுவைதான் நிற்கும். சிறகுள்ள எதையும் அண்ட விடமாட்டேன். கோயிலில் அம்மாவின் வலப்பக்கம் இனி நான் ஒட்டி உட்காருவேன்.

உங்களுக்குப் பின் பிறந்த,
தங்கச்சி