சீனிப் பெண்ணுக்கு ஒரு முகம்

இன்று காலை ஒலவக்கோடு ரயில்வே காலனியிலிருந்து வந்து ஒரு கல்யாணக் கேக்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் வழக்கம்போலச் சீனியைப் பட்டாக இடித்துச் சலித்தேன். முட்டை வெள்ளையும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசைந்து, பெண் ஒன்று, மாப்பிள்ளை ஒன்று என்று உருட்டினேன். பலகையை மேசையின் அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தேன். அது உன் பக்கம். கையைக் கழுவிக்கொண்டு, ஈ உட்காராமல் விசிறியபடி இருந்தேன். யாரும் வந்து தூரிகையை எடுக்கப் போவதில்லை என்பது உறைக்க வெகுநேரம் ஆயிற்று. கையை முகர்ந்து பார்த்தேன். முட்டையும் எலுமிச்சையும் சேர்ந்த அந்த வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. உன் கையிலும் அதுதான் இருக்கும். அவ்வளவுதான். வேறொன்றும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னைக் கைகழுவிவிட்டது. கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டி எனக்கு ஓடாது. இந்த முறை அதையும் எழுத வழியில்லை. நீ கண்ணை மூடிய அன்று, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த ரசத்தில் உப்பு குறைவு என்று நான் சொன்னேனாம். நம் மகள் செலின் அதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துகிறாள். நான் சொன்னது ஞாபகம் இல்லை. உப்பு குறைவாக இருந்தது ஞாபகம் இருக்கிறது.

நம் கடையில் வேலைப் பிரிவினை சுலபமானது. கழுத்துக்குக் கீழே நான், கழுத்துக்கு மேலே நீ. என் கையில் உருண்ட மாப்பிள்ளைகள் எல்லோரும் கோட்டுப் போட்ட மூட்டை தூக்கிகள். பெண்களைக் கவுனுக்குள் ஒளித்துவிடுவேன், அதனால் தப்பித்தார்கள். பிறகு நீ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அணில்வால் மயிரில் கட்டிய தூரிகையோடு உட்காருவாய். கன்னத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுபோல ஒரு சிவப்பு. புருவத்துக்கும் மீசைக்கும் கோகோ. கண் எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்வாய். பார்த்துக்கொண்டிருக்கும் நானும் எதற்கென்றே தெரியாமல் மூச்சை அடக்கி, உனக்கு முன்னாலேயே இருமிவிடுவேன்.

"கண்ணோரத்தைத் தூக்கி வெச்சா திமிரு, எறக்கி வெச்சா அழுகை. நடுவுல ஒரு மயிரெழைதானுங்க எடம்," என்பாய்.

தண்ணீரில் வண்ணம் குழைத்தால் சீனி கரைந்து கண்ணிருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழும். சட்டென்று உலர்ந்துவிடுவது பிராந்திதான். ஊரெல்லாம் மதுவிலக்கு. பெர்மிட் வைத்திருந்த ரயில்வே கார்டு ஒருவரிடம் மருந்துப் புட்டியில் கொஞ்சம் வாங்கி வருவேன். பாலக்காட்டில் பிராந்தி முழுவதும் மீசைக்கே செலவான வீடு நம்முடையது ஒன்றுதான். அதிலும் ஒரு சொட்டு குறைந்தால் நீ முதலில் என் வாயைத்தான் முகர்ந்து பார்ப்பாய்.

கடைக்கென்று ஒரு பழக்கம் வைத்திருந்தோம். கேக் வேகுமுன் பொம்மைகளைத் தகர டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துப்போய், கல்யாண வீட்டில் காட்டிவிட்டு வருவேன். மூக்கு பெரிசு, முடி இவ்வளவு சுருட்டை இல்லை என்று அவர்கள் சொல்வதை நீ திருத்துவாய். அவர்கள் சரி என்று தலையாட்டினால்தான் பொம்மை கேக்கில் ஏறும்.

செலினுக்குச் சம்பந்தம் பங்குச் சாமியார் மூலமாக வந்தது. மாப்பிள்ளை மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்கு. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்து பெண்ணைப் பார்த்தார்கள். நல்ல குணமாகத் தெரிகிறது என்று அந்த அம்மா வாயாரச் சொன்னார். செலின் முகத்து அம்மைத் தழும்புகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்தவரிடம் என்ன சொல்வது? மாப்பிள்ளைக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்தோம். ஸ்டூடியோக்காரர் உறையில் போட்டுச் சாமியாரிடமே கொடுத்துவிட்டார். நமக்கென்று ஒரு பிரதி பின்னால் வந்தபோதுதான் தெரிந்தது, கல்யாணப் போட்டோ என்பதால் அவர் கேளாமலே பென்சிலால் தழும்பையெல்லாம் அழித்திருந்தார். வெண்ணெய் தடவிய மாதிரி ஒரு முகம். செலின் அதைப் பார்த்துவிட்டு ரவை சலிக்கப் போனாள்.

நீ செய்த பெண் பொம்மையும் வெண்ணெய் முகத்தோடுதான் வந்தது. நீ வேண்டுமென்று செய்யவில்லை. உன் கைக்குத் தெரிந்த பெண் முகம் அது. செலின் பலகை அருகே வந்து குனிந்தாள்.

"இது யாருங்கம்மா?"

"யாரு? நீதான்."

"நானில்லீங்க. இது அந்தப் போட்டோப் புள்ள." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவுங்கம்மா ஊட்டுல சொன்னாங்களோ என்னமோ. அவரு போட்டோவைப் பார்த்துத்தானுங்க சரின்னிருக்காரு. அப்பா பொம்மை காட்டத்தானே போறாங்க. என்ற மூஞ்சியோட போகட்டும். வேண்டாம்னா இப்பவே சொல்லிரட்டும். தாலி கட்டிப்போட்டு என்னையப் பார்த்து அவரு மூஞ்சி மாறுனா, அதைய என்னால பார்க்க முடியாதுங்கம்மா."

"கல்யாணப் பொண்ணுக்கு யாராச்சும் தழும்பு வெச்சு வரைவாங்களா?" என்றாய் நீ. நான் இடையில் புகுந்து, "வேணும்னா என்ற தொப்பையையும் ஒரு பொம்மையா வெச்சிரலாம்," என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

உனக்கு ஏன் கை வரவில்லை என்று எனக்குத் தெரியும். செலினுக்குப் பதினாலு வயதில் அம்மை வார்த்தபோது அவள் தம்பி, நம் சின்னவனுக்கும் வார்த்தது. இவள் எழுந்தாள். அவன் எழவில்லை. நீ அழவில்லை. அவனுடைய பாயைச் சுருட்டி எரிக்கக் கொடுத்துவிட்டு, வேப்பிலையைப் பெருக்கித் தள்ளிவிட்டு, பலகைக்கு வந்து யாருக்கோ புருவம் எழுதினாய். ஊர்ப் பெண்கள் உன்னைக் கல் என்றார்கள். அதற்குப் பிறகு செலினுக்குத் தலைவாரும்போது நீ பின்னாலிருந்துதான் வாருவாய். முன்னால் வந்து பொட்டு மூக்குத்தி சரிபார்க்கிற வேலையெல்லாம் கண்ணாடிக்கு விட்டுவிட்டாய்.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "ஏனுங்க, புதுசா ஒரு தலை உருட்டிக் குடுங்க," என்றாய். காய்ந்த சீனியில் குழி போட்டால் தலையே பிளந்துவிடும். பிசைந்த ஈரத்தோடு இருக்கும்போதே போட வேண்டும். நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுத்தேன். நீ செலினை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தாய். தையல் ஊசியின் காதுப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாய். நெற்றியில் பார்த்தாய், சீனியில் ஒரு குழி. கன்னத்தில் பார்த்தாய், ஒரு குழி. அவளும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏதோ கருகியது. இரண்டு பேரும் எழவில்லை.

"காதுகிட்ட ஒண்ணு உட்டுப்போட்டீங்க," என்றாள் செலின்.

"எடமில்ல கண்ணு. நெல்லிக்காத் தலைக்கு இதுக்கு மேல தாங்காது."

"போட்டுப் பாருங்க."

போட்டாய். தாங்கியது.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோபாலபுரத்தில் செக்போஸ்ட் வந்த புதுசு. சோதனைக்காரர் மூட்டைகளையெல்லாம் குத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டப்பாவுல என்னங்க?"

"பொண்ணும் மாப்பிள்ளையுமுங்க."

அவர் சிரிக்கவில்லை. திறந்து பார்த்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். "பிராந்தி வாசம் வருதுங்களே?"

"மாப்பிள்ளை மீசையிலிருந்துங்க," என்றேன். உண்மையைச் சொல்லி இவ்வளவு திருட்டு முழி முழித்தது வாழ்க்கையில் அன்றுதான். அவர் இன்னும் குனிந்து பார்த்தார். "பொண்ணு மூஞ்சியில என்னங்க, எறும்பு கடிச்சிருச்சா?"

"இல்லீங்க. அம்மைத் தழும்பு. என்ற மகளுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு, அவரே சணலைச் சுற்றி முடிச்சும் போட்டுக் கொடுத்தார். வழி நெடுக அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே போனேன். பொள்ளாச்சியில் பஸ் மாறி, உடுமலையில் மாறி, மறையூரில் எல்லோரும் இறங்கி வெல்லம் வாங்கும்போதும் நான் இறங்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னால் உங்கள் இரண்டு பேரிடமும் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்தேன். ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

மாப்பிள்ளை லுங்கியோடு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றிருந்தார். "வாங்க மாமா. ஒரு வார்த்த சொல்லி அனுப்பிருந்தா நானே மறையூருக்கு வந்திருப்பேம்லா," என்றார். பழக்கத்தைச் சொல்லி டப்பாவைத் திறந்தேன். மலைப்பனியில் பொம்மைகள் வேர்த்திருந்தன. பெண்ணின் முகத்தில் குழிக்குழியாக நீர் மினுங்கியது.

"இங்கன சீனி, உப்பு எல்லாம் வேர்க்கும் மாமா," என்று டப்பாவை அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார். காய்கிறதா என்று குனிந்தவர் அப்படியே நின்றார்.

"அம்ம போட்டிருந்துச்சா?"

"ஆமாங்க. பதினாலு வயசுல. ஊட்டுல ரெண்டு பேருக்கு. அவ தம்பி தங்கலீங்க."

"போட்டோவுல தெரியலியே."

"ஸ்டூடியோக்காரரு அழிச்சுட்டாருங்க. இதுதான் நெசம்."

"அம்மாவும் சொல்லல."

நான் வாயைத் திறந்தேன். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவன் நான். அன்று ஒன்றும் வரவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். தேயிலை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"மீச கூடுதலா இருக்கு மாமா," என்றார் கடைசியில். "எனக்கு இம்புட்டு கெடையாது. அதக் கொறைக்கச் சொல்லுங்க."

"பொண்ணு பொம்மையில ஏதாச்சும்?"

"அது அவங்க மாதிரித்தான இருக்கு?"

"ஆமாங்க."

"அப்ப விடுங்க," என்று எழுந்து, வழிந்தது போக மிஞ்சிய தேத்தண்ணியை எனக்கு ஊற்றினார்.

நான் திரும்பி வந்தபோது நீ கடை வாசலிலேயே நின்றிருந்தாய். செலின் உள்ளே அசையாமல் சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க சொன்னாரு?"

"மீசையைக் கொறைக்கணுமாம்."

"பொண்ணை?"

"அவ மாதிரித்தானே இருக்குதுன்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப விடுங்கன்னுட்டாரு."

சல்லடைச் சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக. நீ கையைக் கழுவிக்கொண்டு பலகைக்கு வந்தாய். மாப்பிள்ளையை இடது கையில் பிடித்து, பிளேடு முனையால் மீசையை ஒரு பக்கம் சுரண்டினாய், மறுபக்கம் சுரண்டினாய். அப்படியே இருக்கும்போதுதான் உனக்கு வந்தது. சத்தமே இல்லை. மூக்கு நுனியில் நின்ற ஒரு சொட்டு மாப்பிள்ளையின் தோளில் விழுந்து, கோட்டில் ஒரு குழி விழுந்தது. சின்னவன் போய் ஐந்து வருடம் கழித்து வந்த சொட்டு. அடுத்தது விழுமுன் நீ பொம்மையைத் தள்ளி வைத்துவிட்டாய்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "கோட்டு போச்சே," என்றேன். இருபத்திரண்டு வருடம் உன்னோடு குடும்பம் நடத்தியவன் அந்த நேரத்தில் சொல்லக் கிடைத்தது அதுதான். "புது உடம்பு உருட்டித் தர்றேன், அதைய இப்படிக் குடு."

நீ கொடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் குழியைப் பார்த்தாய். "இருக்கட்டுங்க," என்றாய். "அவளுக்கு அத்தனை இருக்கறப்ப இவருக்கு ஒண்ணு இருந்தா என்ன?"

அப்படியேதான் கேக்கில் ஏறியது. கோயிலுக்கு வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை கவனித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இப்போது செலின் தன் குழந்தையோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகும்போதெல்லாம், "அழுதுருங்கப்பா," என்கிறாள். நான் என்ன வேண்டுமென்றா அழாமல் இருக்கிறேன்? காலையில் கடை திறக்கிறேன், மாவு பிசைகிறேன், கணக்காகப் பசிக்கிறது. உன்னைக் கல் என்று சொன்ன பெண்கள் இப்போது என்னைப் பார்த்து அதையே சொல்கிறார்களாம். சொல்லட்டும். உனக்கு வந்த மாதிரி எனக்கும் என்றைக்காவது, ஏதோ ஒரு மீசையைச் சுரண்டும்போது வரும். வரும்போது மாவுமேல் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.