காலை ஆறு மணி என்று சொன்னேன்

மைசூர்,
திங்கள் காலை.

அன்பு மகள் அஷ்வினிக்கு அப்பா அய்யாசாமி எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

அம்மாவுக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று நேற்றுச் சொன்னேன் அல்லவா? அது பாதிதான். சனிக்கிழமை விஜயநகரில் ஒரு வீட்டுக்கு மேல்தளக் கான்கிரீட். பதினோரு மணிக்குக் கலவைச் சட்டியோடு நின்றவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மண்டையில் யாரோ கட்டையால் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். வாந்தியும் எடுத்தாள். பாதியில் நிறுத்தினால் தளத்தில் ஒட்டு விழும், மழைக்கு ஒழுகும். மேஸ்திரி புத்தி, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு மாத்திரை கொடுத்து மறுபடி சட்டியைத் தூக்க வைத்தேன். பாவி நான்.

ஞாயிறு விடிந்தும் வலி விடவில்லை, கழுத்தும் குனியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்ஷதா எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நேற்றே என்றால் ஏன் கூட்டி வரவில்லை என்பாரே! இன்று காலை ஆறு மணிக்கு என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு ஆமாம் என்று தலையாட்டினாள். உடனே தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தால் நம்பலாம், வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

ஆட்டோ வரை வந்துவிட்டோம். ஏறக் காலைத் தூக்க முடியாமல் என் தோளைப் பிடித்தாள். எனக்குத் தாங்கவில்லை. திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. சனிக்கிழமை வலி என்றால் ஸ்கேனை மட்டும் நம்ப முடியாது என்று முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார். நாலு குழாயிலும் ஒரே சிவப்பு. ஊசி பட்டு வந்த ரத்தம் என்றால் கடைசிக் குழாயில் குறைந்திருக்குமாம். மிஷினில் சுழற்றியபின் மேலே தெளிந்த நீர் மஞ்சளாக நின்றது. அந்த மஞ்சள் வரப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும், மூளையில் ரத்தம் கசிந்தது சனிக்கிழமையேதான் என்றார்.

இன்று ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேன். மறுபடி கசிவதற்குள் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். லீவு கேட்டு உடனே கிளம்பி வா தாயி.

அம்மாவிடம் பேசினால், "காலைலதான் வலிச்சுது கண்ணு, அப்பா உடனே கூட்டியாந்துட்டாரு" என்பாள். இத்தனைக்குப் பிறகும் நர்ஸுகளிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ நம்பாதே. ஆனால் அவள் எதிரில் மட்டும் என்னை எதுவும் கேட்டுவிடாதே. அவளுக்குத் தாங்காது.

நல்லபடியாக வந்து சேர்.

உன் அப்பா