குடிப்பாரோ என்று கேட்டார்கள்

12 நவம்பர் 1991, செவ்வாய்

இல்லை என்றுதான் சொன்னேன். பெரியம்மாவின் மகன் ரவி அண்ணையைப் பற்றி விசாரிக்க, அவருக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அக்கா லண்டன் இல்ஃபோர்ட்டிலிருந்து காலையில் போன் எடுத்தாள். நானும் அவரும் இங்கே ஒரே பல்கலைக்கழகம். பெண் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள்.

“குடிப்பாரோ தங்கச்சி? நீர் சொன்னால் நாங்கள் நம்புவம்.”

அம்மா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்லை அக்கா,” என்றேன்.

பத்து மணி விரிவுரைக்கே அண்ணை தேநீர்ப் பிளாஸ்கில் வொட்கா கொண்டுவருவார். போன வருடம் பரீட்சை மண்டபத்தில் விழுந்தவரை நானும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் தூக்கிவந்தோம். வீட்டில் காய்ச்சல் என்றேன்.

மத்தியானம் கன்டீனில் அவரிடம் போன் வந்ததைச் சொன்னேன். சிரித்தார். “நல்ல சாட்சியடி நீ! வா, உனக்கும் ஒண்டு ஊத்துறன்.”

அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போனதும் இல்ஃபோர்ட்டுக்குத் திருப்பி எடுத்தேன். “அக்கா, நான் பொய் சொன்னனான். அவர் விடியவே குடிக்கத் தொடங்கிடுவார்.”

அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அடிக்கமாட்டார்தானே? அங்க ஒவ்வொரு நாளும் குண்டு விழுது. அவளை எப்பிடியும் இஞ்ச எடுக்கவேணும், தங்கச்சி.”

தெரியாது என்றேன். போனை வைத்துவிட்டு, அம்மா வருவதற்குள் அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தேன்.