வெள்ளிக்கிழமைகளில் திறக்காத பக்கம்

ஆம்பூர்
14.12.2003

தம்பி ரஷீத் அஹமதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹாம்பர்க்கில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர.

நம் ஷூ கம்பெனிக்கு வெப்சைட் போட்டபோது நான் சொன்னது நினைவிருக்கிறதா? அப்பா படம், ஷூ படங்கள், விலாசம் எல்லாம் மாறாத பக்கங்கள். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிற இடத்தில் கிடக்கட்டும். தினம் மாறுகிற ஸ்டாக் பக்கத்தை மட்டும் சென்னையில் வாடகைக்கு இடம் தருகிறவர்களிடம் வைப்போம், அவர்கள் கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடும் என்றேன். "நம்ம சரக்கு விவரம் வெளியாளு கையில எதுக்கு? ஆபீஸ் கம்ப்யூட்டரே போதும். டைப் அடிக்கிற உனக்கு இன்னா தெரியும்?" என்றாய்.

வெள்ளி மதியம் ஜும்மா தொழுகைக்குப் போகும்போது வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைப்பது அப்பா வைத்த வழக்கம். தொழுகை முடியும்வரை ஒரு மிஷினும் ஓடாது. ஆபீஸ் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும், அதிலிருக்கும் பக்கம் எப்படித் திறக்கும்? இங்கே மதியம் ஒரு மணி என்றால் அங்கே காலை எட்டரை. நம் ஷூ வாங்குகிற ஜெர்மனி பார்ட்டி ஸ்டாக் பார்த்து ஆர்டர் போட உட்காரும் நேரம். மூன்று வெள்ளி பார்த்தார்கள், பக்கம் திறக்கவில்லை; நாலாவது வாரம் ஆர்டர் வாணியம்பாடி கம்பெனிக்குப் போய்விட்டது. இந்த வீட்டில் பிறந்தவனுக்கு அந்த வழக்கம் எப்படி மறந்தது? நீ அங்கே ஜும்மாவுக்குப் போகிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை.

மறந்ததைக்கூட மன்னித்திருப்பேன். நீ, அப்பாவுக்குப் பிறகு கம்பெனியைப் பார்க்கிற சர்தார் அண்ணனுக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல அக்கா மட்டும்தான் இருக்குது, அதுதான் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிடுது" என்றாயாம். நான் அண்ணனை அழைத்துப் போய் மெயின் சுவிட்சைக் காட்டி விளக்கினேன். "தொழுகையைக் குறை சொல்றியா? தம்பி படிச்சவன், அவனுக்குத் தெரியாதா?" என்று முடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு பதினொரு வருஷம் ஆபீஸில் அந்த டைப் நாற்காலியில் உட்கார்ந்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் பிள்ளைகளை வளர்த்தேன். நாளை முதல் அதில் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார் அண்ணன்.

பக்கம் இன்னும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. வருகிற வெள்ளியும் அணையும். அப்போது அங்கே நான் இருக்க மாட்டேன், யார் மேல் பழி போடுவாய்?

அதற்கு முன் அண்ணனுக்கு உண்மையைச் சொல்லிவிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். என் துஆவில் உன் பெயர் ஐந்து வேளையும் வரும். என்ன கேட்டு வரும் என்பது உன் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த
வஹீதா